கஞ்சியில் கலந்த கறுப்புப் பொடி

ரங்கூனின் பயின்னவுங் சந்தையில் எனக்கு முதலில் கொடுத்த வேலை குத்தூசி பிடிப்பது. மூட்டையின் வயிற்றில் குத்தி, உள்ளங்கையில் விழும் உளுந்தைப் பார்த்து, எஸ்.க்யூவா எஃப்.ஏ.க்யூவா என்று சொல்ல வேண்டும். பருமனாக, சீராக இருந்தால் எஸ்.க்யூ. அதற்கு அடுத்தது எஃப்.ஏ.க்யூ. சென்னையில் 'பர்மா உளுந்து' என்று விலை சொல்லும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகள் இவைதான். இப்போது கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் மூட்டையைக் கண்டால் கை தானாகக் குத்தூசியைத் தேடும்.

இத்தனை வருடத்தில் உளுந்தின் தோலைப் பார்த்திருக்கிறேன், ஈரத்தைப் பார்த்திருக்கிறேன், வண்டு துளைத்ததைப் பார்த்திருக்கிறேன். வேரைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான் தாவரவியல் பட்டதாரி. தொலைதூரக் கல்வியில் வாங்கிய பட்டம். வேர்முடிச்சுப் படத்தை நோட்டில் மூன்று தடவை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், அசலை ஒரு தடவைகூடக் கையில் எடுத்ததில்லை.

எடுக்க வைத்தவர் சித்தப்பா.

அவருக்குப் பெகுவுக்குத் தெற்கே, தனப்பின் பக்கம் ஆறு ஏக்கர். பகோ என்றுதான் இப்போது எழுதுகிறார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பெகுதான். மழைக்காலத்தில் நெல். கார்த்திகையில் அறுப்பு முடிந்ததும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்தை வீசி விதைத்து, மாசியில் பிடுங்கி அடித்துவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் தரிசு உளுந்து என்பார்களே, அதேதான். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, யூரியாவும் போடுவதில்லை. நெல்லுக்கே யூரியா வாங்க முடியாத விலைக்குப் போன பிறகு உளுந்துக்கு யார் போடுவார்கள்?

அப்படியொரு வருடத்தில், விதை வாங்கப் போன இடத்தில் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்திருக்கிறார்கள். உள்ளே கறுப்புப் பொடி. 'ரைசோபியம், விதையில் கலந்தால் மகசூல் கூடும்' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். எந்தக் கடை, யார் தயாரித்தது என்பதெல்லாம் வேண்டாம். தப்பு அவர்கள் மேலும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சித்தப்பா சொன்னபடி செய்தார். ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் கரைத்து, விதையில் பிசறி, நிழலில் சாக்கு விரித்து அரை மணி நேரம் உலர்த்தினார். கன்றுக்குட்டிக்கு வைத்திருந்த கஞ்சி அது என்று சித்தி இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். நடுவரப்புக்கு வடக்கே மூன்று ஏக்கரில் கறுப்பு விதை, தெற்கே மூன்று ஏக்கரில் சும்மா விதை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பாதியைத் தொடாமல் விட்டால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டதாரியான எனக்கு அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது செடி பூத்து நின்றது. மண்வெட்டியால் இரண்டு பக்கமும் நாலு செடியைத் தோண்டி, வாய்க்காலில் வேரை அலசி என் கையில் கொடுத்தார். கடுகளவில் சில, மிளகளவில் சில, உருண்டை உருண்டையாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே கழுவிய இறைச்சியின் நிறம். செடிக்குள் அப்படி ஒரு சிவப்பை எதிர்பார்க்கவில்லை. படத்தில் நான் பென்சிலால்தானே வரைந்திருந்தேன். தெற்குப் பக்கத்துச் செடியிலும் கீறினோம். அதே அளவு முடிச்சு, அதே நிறம்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பி. அப்ப நான் காசு கொடுத்து வாங்கினது என்னடா?"

மாசியில் அடித்துத் தூற்றிப் பார்த்தபோதும் இரண்டு பாதியிலும் ஒரே கணக்குதான். கேள்வி என் தலையில் விழுந்தது. நான் அதை அக்கா மகள் தலையில் போட்டேன். அவள் பாங்காக்கில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். அவளிடம் கேட்டுக் கேட்டு, அவள் அனுப்பியதைப் படித்துப் படித்து, மின்சாரம் இருந்த இரவுகளில் எனக்குப் புரிந்ததுதான் கீழே வருவது. தப்பு இருந்தால் என்னுடையது, அவளுடையது அல்ல.

முதலில் சந்தைக் கணக்கு, அதுதான் எனக்கு வரும். உளுந்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பங்கு புரதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. அப்படியென்றால் 50 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 2 கிலோ. ஒரு பங்கு மண்ணிலிருந்து உறிஞ்சியது, மீதி காற்றிலிருந்து வந்தது. 2021இல் இந்தியா, ஐந்து வருடத்துக்கு வருடம் 2,50,000 டன் உளுந்து எங்களிடம் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. பெருக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து அறுநூறு டன் நைட்ரஜன். யூரியாவாக வாங்கினால் இருபதாயிரம் டன்னுக்கு மேல். இதை எந்தப் பட்டியலிலும் எழுதாமல், விலை வைக்காமல் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். (ஒப்பந்தத்துக்கு முன்பு 2017இல் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு போட்டதும், அந்த வருடம் எங்கள் சந்தை கிடந்த கிடப்பும் தனிக் கதை. இங்கே வேண்டாம்.)

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் இரண்டிரண்டு அணுவாகக் கையைக் கோத்துக்கொண்டு, விடவே விடாது. யூரியா ஆலையில் அந்தப் பிடியை விடுவிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டிய வழி அது. அதே வேலையைத்தான் சித்தப்பா வயலில், சேற்றின் சூட்டில், மிளகளவு முடிச்சுக்குள் ரைசோபியம் வகைப் பாக்டீரியா ஒன்று செய்கிறது. அதன் கையில் இருக்கும் நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். பயறுவகைச் செடிகள் முடிச்சு வழியாகத்தான் காற்றின் நைட்ரஜனை எடுக்கின்றன என்று ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1886இல் அறிவித்தார்கள். 1888இல் ஹாலந்தில் பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார். பத்து வருடம்கூட ஆகவில்லை, பாக்கெட் வியாபாரம் ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. சித்தப்பா வாங்கிய பொடிக்கு வயது நூற்றிருபதுக்கு மேல்.

ஆனால் பாக்டீரியா சும்மா போய் வேரில் ஒட்டிக்கொள்வதில்லை. முதலில் பேச்சுவார்த்தை நடக்கிறது. வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளை மண்ணில் கசிய விடும். குதிரைமசால் என்ற தீவனச் செடியில் அது லூட்டியோலின் என்று 1986இல் ஸ்டான்ஃபோர்டில் ஷாரன் லாங்கின் குழு கண்டுபிடித்தது. பாக்டீரியாவிடம் 'நாட்-டி' என்ற மரபணு தயாரிக்கும் புரதம் அதை மோந்து பார்த்து, மற்ற 'நாட்' மரபணுக்களை எழுப்பிவிடும். அவை ஒரு பதில் தயாரிக்கும். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டினின் நாலைந்து கண்ணிகள், முனையில் ஒரு கொழுப்பு அமில வால். இந்தப் பதிலின் அமைப்பைப் பிரான்ஸில் துலூஸ் நகரத்துக் குழு 1990இல் வெளியிட்டது. வேர்த்தூவி அதை உணர்ந்ததும் சுருண்டு, பாக்டீரியாவைக் கைக்குள் பொத்திக்கொள்ளும். உள்ளே ஒரு குழாய் பிறந்து வழிவிடும், வேரின் உட்புறத்தில் முடிச்சு திரளத் தொடங்கும்.

கைட்டின் முதுகெலும்பு எல்லோருக்கும் பொது. வாலும் அலங்காரமும்தான் ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் பாக்டீரியா எந்தச் செடிக்கு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த அலங்காரம். இதில் கொண்டைக்கடலை மகா பிடிவாதம். அதற்கென்று இருக்கும் மீசோரைசோபியம் வகைகள் தவிர வேறு யாரையும் உள்ளே விடாது. பர்மியில் கொண்டைக்கடலைக்கு 'கலாபே' என்று பெயர். பே என்றால் பயறு. கலா என்றால் நாங்கள், அதாவது இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அதுவும் மரியாதையாகச் சொல்கிற சொல் அல்ல. இருக்கிற பயறிலேயே யாரோடும் ஒட்டாத பயறுக்கு எங்கள் பெயர் வாய்த்ததை எண்ணி எனக்குச் சிரிப்புதான் வந்தது. உளுந்தோ நேர் எதிர். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை எல்லாம் ஒரே கூட்டம். பிராடிரைசோபியம் வகைகளில் பலவற்றோடு இவை ஒத்துப்போகும். பிராடி என்றால் கிரேக்கத்தில் மெதுவான என்று பொருள். தட்டில் வளர்த்தால் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆக்கும் சோம்பேறி.

நெட்டியைச் சொல்லாமல் போக மனமில்லை. தஞ்சாவூரில் வெள்ளை வெளேரென்று கோயில் மாதிரி செதுக்குவார்களே, அந்த நெட்டிச் செடியும் பயறுக் குடும்பம்தான். ஈரநிலத்துச் செடி, இங்கேயும் வளரும். அந்த இனச் செடிகள் சிலவற்றில் குடியேறும் ஒருவகைப் பிராடிரைசோபியத்தின் முழு மரபணுத் தொகுதியை 2007இல் படித்துப் பார்த்தபோது, முதன்மையான நாட் மரபணுக்களே அதில் இல்லை. கடிதமே போடாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'நாட் மரபணு இன்றி முடிச்சு இல்லை' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

சரி, சித்தப்பாவின் கேள்வி. இந்த மரபணுக்கள் பாக்டீரியாவுக்குள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் வரும்.

நைட்ரஜனேஸைக் கட்டும் மரபணுக்களுக்கு 'நிஃப்' என்று பெயர். அவற்றை ரைசோபியத்தில் தேடிப் பிடித்தவர்களில் ஒருவர் ஹார்வர்டு மாணவர் கேரி ரவ்கன், 1980 வாக்கில். முடிச்சே போடாத வேறொரு பாக்டீரியாவின் நிஃப் துண்டைத் தூண்டிலாகப் போட்டபோது ரைசோபியத்தின் நிஃப் சிக்கியது. உயிர்மரத்தில் எங்கெங்கோ நிற்கும் பாக்டீரியாக்களிலும் அந்த டி.என்.ஏ எழுத்து பெரிதாக மாறாமல் இருந்திருக்கிறது. ரவ்கன் பிறகு புழுக்களுக்குத் தாவி, மைக்ரோ ஆர்.என்.ஏ கண்டுபிடிப்புக்காக 2024இல் நோபல் பரிசு வாங்கினார். நோபல் செய்தியை வாசித்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டேன், உளுந்து மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து.

ரவ்கன் நிஃப்பைப் பிடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1978இல், இங்கிலாந்தின் நாரிச்சில் ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் குழு வேறொன்றைக் காட்டியது. முடிச்சுப் போடும் திறமை ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது, இனம் விட்டு இனம்கூடப் போகிறது. காரணம், அது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது. குரோமோசோமை வீடு என்றால் பிளாஸ்மிட்டைக் கைப்பெட்டி என்று சொல்லலாம். குதிரைமசாலின் கூட்டாளிக்கு 2001இல் முழு மரபணுத் தொகுதியும் வாசித்தார்கள். குரோமோசோமில் சுமார் 36.5 லட்சம் எழுத்து, கூடவே இரண்டு ராட்சதப் பிளாஸ்மிட்டுகள், 13.5 லட்சமும் 16.8 லட்சமுமாக. நாட், நிஃப் எல்லாம் சின்னப் பெட்டியில். பெட்டியைப் பறித்துவிட்டால் பாக்டீரியா சாகாது. மண்ணில் சாதாரணமாகப் பிழைக்கும். முடிச்சுப் போட மட்டும் மறந்துவிடும்.

நம் பிராடிரைசோபியம் பெரும்பாலும் பெட்டி வைத்துக்கொள்வதில்லை. சோயா மொச்சையின் கூட்டாளியான யு.எஸ்.டி.ஏ. 110 என்ற வகையை 2002இல் வாசித்தார்கள். 91 லட்சம் எழுத்து, எட்டாயிரத்துச் சொச்சம் மரபணு. கூட்டுவாழ்வுக்கான சரக்கு குரோமோசோமுக்குள்ளேயே, 6.8 லட்சம் எழுத்து நீளத்தில், ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. சுற்றியிருக்கும் டி.என்.ஏ ஒரு சாயல், இது வேறு சாயல். இதற்குத் 'தீவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டது என்பது பார்த்தாலே தெரியும்.

எப்படி வந்து செருகும் என்பதை வயலிலேயே பிடித்த கதை நியூசிலாந்தில் இருக்கிறது. நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அங்கே மேய்ச்சல் நிலத்துக்காக லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்ற மஞ்சள் பூப் பயறை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். (தாமரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதோடு முடிச்சுப் போடும் பாக்டீரியா அந்த மண்ணில் கிடையாது. அதனால் விதையோடு ஒரே ஒரு வகை மீசோரைசோபியத்தைக் கலந்து விதைத்தார்கள். நம் சித்தப்பாவின் கறுப்புப் பொடி மாதிரிதான். ஏழு வருடம் கழித்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஜான் சல்லிவனும் கிளைவ் ரான்சனும் அந்த வயலில் முடிச்சுகளைப் பறித்து, உள்ளே இருப்பவர்களின் டி.என்.ஏவைப் பார்த்தார்கள். போட்டது ஒரே வகை. இருந்ததோ பல வகை. குரோமோசோமை வைத்துப் பார்த்தால் பலரும் உள்ளூர்க்காரர்கள், முன்பு முடிச்சே போடத் தெரியாமல் அந்த மண்ணில் கிடந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்குள்ளும் அந்த முதல் பாக்கெட்டின் கூட்டுவாழ்வு மரபணுக்கள் அச்சு அசலாக இருந்தன.

1995இல் அதை வெளியிட்டார்கள். எப்படி நடந்தது என்று 1998இல் விளக்கினார்கள். ஐந்து லட்சம் எழுத்து நீளமுள்ள தீவு மொத்தமாக ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகிறது. போன இடத்தில் கண்ட இடத்தில் உட்காருவதில்லை. ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டி-ஆர்.என்.ஏவின் மரபணு எங்கே இருக்கிறதோ, அதன் ஓரத்தில் போய் நுழைகிறது. அது எல்லாப் பாக்டீரியாவிடமும் கட்டாயம் இருக்கும், அதிகம் மாறாத மரபணு. நுழையும்போது அந்த மரபணுவைக் கெடுத்துவிட்டால் வீட்டுக்காரன் செத்துப்போவான். அதனால் தன் முனையில் அந்த மரபணுவின் கடைசித் துண்டை நகலெடுத்தே கொண்டுவருகிறது, உடைத்த இடத்தை அதை வைத்துச் சரியாக மூடிவிடும். கதவை உடைத்து உள்ளே வந்தவன் புதுக் கதவையும் கையோடு கொண்டுவந்து மாட்டியதைப் போல.

இதைப் படித்துவிட்டு நான் அன்று வெகுநேரம் தூங்கவில்லை. விதையோடு நாம் விதைப்பது பாக்டீரியாவை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பாக்டீரியா தோற்று அழிந்தாலும் போகலாம். அது கொண்டுவந்த மூட்டை, மண்ணைத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவன் முதுகில் ஏறிக்கொள்கிறது. நாலு தலைமுறைக்கு முன் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இங்கே ஒரு உவமை சொல்லக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்கிறேன். பாக்டீரியாவிடம் யாரும் குடியுரிமை அட்டை கேட்பதில்லை, அந்த இடத்திலேயே உவமை உடைந்துவிடுகிறது.

இதில் எல்லாம் நன்மைக்கே என்றும் நினைக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்ற மத்தியதரைக் கடல் பக்கத்துத் தீவனப் பயறை இதேபோல் பாக்டீரியாவோடு விதைத்தார்கள். ஆறு வருடத்துக்குள் தீவு உள்ளூர் வகைகளுக்குத் தாவிவிட்டது. தாவியதில் சில நன்றாக முடிச்சுப் போட்டன, நைட்ரஜன் மட்டும் ஒழுங்காகத் தரவில்லை. சாவி கிடைத்த எல்லோருக்கும் சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமில்லையே.

இப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைச் செடி கண்டுபிடித்துவிடும். கீர்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2003இல் ஒரு தந்திரம் செய்தார்கள். சோயா முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா எவ்வளவு முயன்றாலும் கொடுக்க ஒன்றுமில்லை. செடிக்கு அது சோம்பேறியாகத் தெரியும். செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது, உள்ளே பாக்டீரியா பெருகுவது ஏறக்குறைய பாதியாகிப்போனது. இதை அத்தையிடம் சொன்னேன். "வேலை செய்யாதவனுக்குச் சோத்தைக் குறைக்கிறது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்" என்றாள்.

ஆக்சிஜன் விஷயம் விசித்திரமானது. நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நான் நகத்தால் கீறியபோது பார்த்த சிவப்பு அதற்கான ஏற்பாடுதான். லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்காரன். ஆக்சிஜனைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஊட்டும். பாக்டீரியாவும் காற்று குறைந்திருக்கிறதா என்று 'ஃபிக்ஸ்-எல்' என்ற புரதத்தால் மோந்து பார்த்த பிறகுதான் நிஃப் மரபணுக்களைத் திறக்கும். அதனால் வயலில் முடிச்சைக் கீறிப் பாருங்கள். சிவப்பென்றால் வேலை நடக்கிறது. பச்சையென்றால் கிழடாகிவிட்டது. வெள்ளையென்றால் உள்ளே இருக்கிறவர் இன்னும் தொடங்கவில்லை, அல்லது தொடங்கப்போவதே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நைட்ரஜனேஸின் மையத்தில் இரும்பும் கந்தகமும் ஒரு மாலிப்டினமும் சேர்ந்த குமிழ் ஒன்று உண்டு. அதில் ஹோமோசிட்ரேட் என்ற சின்னக் கரிம அமிலம் ஒட்டியிருந்தால்தான் அது வேலை செய்யும். தனியாகவே நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்களிடம் அதைத் தயாரிக்க 'நிஃப்-வி' என்ற மரபணு இருக்கிறது. ரைசோபியங்களில் பெரும்பாலானவற்றிடம் அது இல்லை! இத்தனை லட்சம் எழுத்தைச் சுமந்துகொண்டு, வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கின்றன. பின் எப்படி? 2009இல் ஜப்பானியர்கள் விடை சொன்னார்கள். முடிச்சுக்குள் செடியே ஹோமோசிட்ரேட் தயாரித்துக் கொடுக்கிறது. அதைத் தயாரிக்கும் செடியின் மரபணு கெட்டுப்போனால் முடிச்சு வரும், நைட்ரஜன் வராது. சீதனப் பாத்திரம் எல்லாம் வந்து, அடுப்பு மட்டும் மாமியார் வீட்டில் இருப்பது போல. மண்ணில் தனியாக இருக்கும்போது ரைசோபியத்தால் ஏன் இந்த வேலை முடிவதில்லை என்பதற்கும் இது ஒரு காரணம்.

பொங்கல் முடிந்து அடுத்த தடவை ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் பதில் சொன்னேன். எளிமையாகச் சொல்வதற்குள் இரண்டு டம்ளர் டீ ஆகிவிட்டது. உங்கள் மண்ணில் உளுந்துக்கு வேண்டிய பாக்டீரியா வருஷக்கணக்காக இருக்கிறது. அவர் அப்பா காலத்திலிருந்து பயறு விளைந்த நிலம். நெல்லுக்குத் தண்ணீர் கட்டினாலும் அது சாவதில்லை. ஒரு கிராம் மண்ணில் ஆயிரக்கணக்கில் உள்ளூர்க்காரர்கள் வேரடியில் காத்திருக்கும்போது, விதைத்தோலில் ஒட்டிக்கொண்டு வந்த புது ஆள் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். முடிச்சுக்குள் யார் இருக்கிறார்கள் என்று டி.என்.ஏ ரேகை எடுத்துப் பார்த்தால் போட்டவன் பெரும்பாலும் சிறுபான்மையாகத்தான் இருப்பான். உலகம் முழுக்க இந்தப் பாக்கெட் வியாபாரத்தின் தலைவலி இது. சோயா, கொண்டைக்கடலை மாதிரி பிடிவாதக்காரப் பயிரை, அது இதுவரை விளையாத நிலத்தில் முதல் தடவை போடும்போதுதான் பொடி கண்ணுக்குத் தெரிய வேலை செய்யும்.

"அப்ப எனக்கு அது தேவையே இல்லங்கிறே."

"உளுந்துக்கு இல்லை சித்தப்பா."

"அப்ப நெல்லுக்குப் போடுற மாதிரி ஒண்ணு பண்ணச் சொல்லு உன் மருமகளை."

அக்கா மகளை அவர் மருமகள் என்றுதான் சொல்லுவார், என் கணக்கில். அவளிடம் கேட்டேன். "மாமா, இதை எல்லாரும் கேக்கிறாங்க" என்று சிரித்தாள். 1972லேயே டிக்ஸனும் போஸ்ட்கேட்டும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் நிஃப் மரபணுக்களை ஈ. கோலைக்கு மாற்றிவிட்டார்கள், அது நைட்ரஜன் பிடித்தது. பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்கு அவ்வளவு சுலபம். நெல்லுக்கு என்றால் இருபது மரபணு வரை ஒரே தாளத்தில் இயங்க வேண்டும், ஆக்சிஜனிலிருந்து காப்பாற்ற வேண்டும், ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூறுக்கும் குறைந்தது 16 ஏ.டி.பி (செல்லின் சக்திக் காசு) செலவு செய்ய நெல்லிடம் சக்தி மிஞ்ச வேண்டும். 2024இல் கடல்பாசி ஒன்றுக்குள் குடிவந்த நைட்ரஜன் பாக்டீரியா, காலப்போக்கில் அந்தப் பாசியின் செல்லுக்குள் ஒரு உறுப்பாகவே மாறிவிட்டதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக, நடக்காத காரியம் அல்ல. இதையும் போய்ச் சொன்னேன்.

"கடல்லதானே" என்றார் சித்தப்பா.

பாக்கெட்டில் கால்வாசி மிச்சமிருந்தது. முடிச்சுப்போட்டுப் பரணில் வைத்திருந்தார், அந்தச் சூட்டில் உள்ளே எவன் உயிரோடு இருப்பான் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எறிய அவருக்கு மனசு வராது. கிணற்றடியில் சித்தி போட்டிருந்த அவரைப் பந்தலுக்கு அடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். கஞ்சி கேட்கத் தைரியம் இல்லை.

அவரை என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 1960களில் பப்புவா நியூ கினியாவில் ட்ரினிக் என்பவர் அவரை முடிச்சிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார். என்.ஜி.ஆர். 234 என்று பெயர். பயறு இனம் என்று பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு பேரினங்களுக்கு மேல் அதற்குக் கதவு திறக்கிறது. பயறுக் குடும்பத்திலேயே சேராத ஒரு மரத்தோடும் முடிச்சுப் போடுகிறது. 5.36 லட்சம் எழுத்துள்ள அதன் கூட்டுவாழ்வுப் பிளாஸ்மிட்டை 1997லேயே முழுதாக வாசித்துவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் பேரோடு ஒத்துப்போகிற ரைசோபியம் என்று பேர் எடுத்தது ஒரு அவரைக்கொடியின் வேரிலிருந்து வந்தது. சித்தப்பா கேட்டுவிட்டுப் பந்தலை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்த வருடம் அவரை நன்றாகக் காய்த்தது. ரங்கூனுக்கு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். பொடி வேலை செய்துவிட்டது என்று சித்தப்பா போனில் சொன்னார். பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது: "அது எல்லா வருஷமும்தான் காய்க்குது."